நூற்றுக்கு ஐந்து

அத்தியாயம் பதினொன்று

சரக்கில் சில போர்டுகளை மட்டும் எடுத்துச் சூட்டில் வைத்துச் சோதிக்கிற ஹீட் சேம்பருக்குள் ஏழு போர்டுகள் செத்துக் கிடந்ததைப் பார்த்துவிட்டு, யாரிடமும் வாயைத் திறக்காமல் சோபனா வீட்டுக்குப் போனாள் அல்லவா? அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. விடிந்ததும் இட்லிப் பானையை அடுப்பில் ஏற்றி, மாமியார் கையில் கரண்டியைக் கொடுத்துவிட்டு, எல்லாருக்கும் முன்னால் ஷெட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

இந்த வாரம்தான் நம்மோடு சேர்ந்துகொள்கிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. பள்ளிகொண்டா பைபாஸ் ஓரத்தில் இருக்கும் அந்த ஷெட்டில் முன்பு ஷூவுக்கு மேல்பாகம் தைத்தார்கள். அதன் சொந்தக்காரரும் சோபனாவின் மாமனாருமான கன்னியப்பன், மீசை முளைத்த நாளிலிருந்து ஆம்பூர்ப் பக்கம் தோல் பதனிடும் இடங்களில் தரம் பிரித்தவர். ஆர்டர் குறைந்து தையல் மெஷின்கள் தூசி படிந்தபோது மகன் ஜெயப்பிரகாஷ் துணிந்து வேறு வேலையில் இறங்கினான். மின்சார ஸ்கூட்டரின் மோட்டாரை ஓட்டுகிற போர்டு செய்யும் வேலை. பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்த அவன் மனைவி சோபனா டெஸ்டிங்கைக் கையில் எடுத்துக்கொண்டாள். ஓசூர்ப் பக்கத்து ஸ்கூட்டர் கம்பெனி ஒன்று முதலில் ஒரு சின்ன லாட் வாங்கிப் பார்த்தது. இப்போது அதைப்போல் பத்து மடங்கு ஆர்டர். இன்று சாயங்காலம் லாரி வருகிறது.

எல்லாம் சரியாகத்தான் இருந்தது, சிப் கிடைக்காமல் போகும் வரைக்கும்.

சுண்டுவிரல் நகம் அளவு சாமானுக்கு இந்த ஊர்ப் பக்கம் இத்தனை மவுசு வரும் என்று யார் கண்டது? ஆட்டுத்தோல் விலை பேசிய டீக்கடை பெஞ்சுகளில் இப்போது சிப் விலை பேசுகிறார்கள். சென்னை ரோடு நெடுகக் கார் ஆலைகள், ஸ்ரீபெரும்புதூரில் செல்போன், ஓசூரில் ஸ்கூட்டர், வீட்டுக்கு வீடு வாஷிங் மெஷின் என்று அத்தனை பேரும் ஒரே பந்தியில் இலை போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். போதாக்குறைக்கு ஏஐக்காரர்கள் வந்து சாப்பாட்டு அண்டாவையே தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டார்கள். பெரிய இலைகளுக்கெல்லாம் பரிமாறி முடித்த பிறகு கடைசி வரிசைப் பள்ளிகொண்டாவுக்கு மிஞ்சுவது என்ன? ஏஜென்ட்டிடம் கேட்டால் ஆடி மாசத்துக்கு மேல் பார்க்கலாம் என்றான். அப்புறம் எப்படியோ ஜெயப்பிரகாஷ் சிப்போடு வந்து நின்றான். எங்கே கிடைத்தது என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை, சோபனாவும் கேட்கவில்லை. அந்தக் கோபம் இன்று அவளுக்குத் தன்மேலேயே இருந்தது.

அவள் போனபோது ஷஹீன் பானு ஏற்கெனவே வந்து ஷட்டரைத் தூக்கியிருந்தாள். முன்பு ஷூ தைத்தவர்களுக்கும் அவள்தான் மேஸ்திரி, இப்போது போர்டுக்கு ஈயம் வைக்கிறவர்களுக்கும் அவள்தான் மேஸ்திரி. ரமலான் நோன்பு. உதடு காய்ந்திருந்தாலும் முகத்தில் ஒரு குஷி இருந்தது.

"முபஷ்ஷிரா இன்னைக்கு வர்றா சோபனா. எங்கூட நோன்பு தொறக்கணுமாம். வேலூர்லேர்ந்து நேரா இங்கதான் வருவா, ரெண்டு பேருமாச் சேந்து வூட்டுக்குப் போய்டுவோம்" என்றாள்.

முபஷ்ஷிரா அவளுடைய ஒரே மகள். சோபனாவின் நாத்தனார் பூர்ணிமாவும் அவளும் பள்ளிக்கூடத்திலிருந்து இணைபிரியாத தோஸ்துகள். இப்போது இருவரும் வேலூரில் ஒரே ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கிறார்கள். சோபனா சிரிக்க முயன்றாள். சிரிப்பு வரவில்லை என்பதை ஷஹீன் பானு கவனித்தாள், ஆனால் கேட்கவில்லை.

சோபனா செத்த போர்டு ஒன்றை வெளிச்சத்தில் வைத்தாள். நகப்பூச்சு அழிக்கிற அசிட்டோனைப் பஞ்சில் தொட்டு, சிப்பின் முதுகில் அச்சடித்திருந்த எழுத்தின்மேல் அழுத்தித் தேய்த்தாள். புதுச் சிப் என்றால் எழுத்து அசையாது. இதில் பஞ்சு கறுத்தது. எழுத்து முழுசாகப் பஞ்சுக்கு வந்துவிட்டது, அதற்கு அடியில் சுரண்டி அழித்த வேறு எழுத்துகளின் தடம் தெரிந்தது. எந்த ஊரிலோ எந்த வாஷிங் மெஷினிலோ உழைத்து ஓய்ந்து, குப்பைக்குப் போய், அங்கிருந்து பிடுங்கிக் கழுவிப் பெயர் மாற்றி விற்ற சிப் அது.

அடுத்து சேம்பரில் பிழைத்த போர்டு ஒன்றைத் தேய்த்தாள். பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. இன்னொன்றிலும் அப்படித்தான். அப்படியானால் நல்லதும் கெட்டதும் கலந்து கிடக்கிறது. சூட்டில் வேலை செய்யாமல் போகிற சிப், ஓடுகிற ஸ்கூட்டரில் மோட்டாரை நடுரோட்டில் நிறுத்திவிடும். அந்த நேரம் பின்னால் லாரி வந்தால் என்ன ஆகும் என்று யாரும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஷெட் வாசலிலேயே பைபாஸ் இரைந்துகொண்டிருந்தது.

ஜெயப்பிரகாஷ் வந்ததும் அவள் பஞ்சை அவன் உள்ளங்கையில் வைத்தாள். அவன் அதைப் பார்த்தான், அவளைப் பார்க்கவில்லை. கெஞ்சிக் கேட்டதில் நல்ல சிப் ஏறக்குறைய முழுசும் ஏஜென்ட்டிடமே கிடைத்தது என்றும், குறைந்ததற்குத்தான் சென்னையில் ஒரு புரோக்கரிடம் கொஞ்சம் வாங்க வேண்டியதாயிற்று என்றும் இழுத்து இழுத்துச் சொன்னான்.

"பழசுன்னு தெரிஞ்சேதான் வாங்கினீங்களா?"

"அப்பாதான் வாங்கச் சொன்னாரு. எப்படிச் சேக்கணுமோ அப்படி நான் சேத்துக்கறேன், நீ கண்டுக்காதன்னாரு."

சேர்ப்பது என்ற அந்த ஒரு சொல்லில் சோபனாவுக்கு ஸ்டோர் ரூம் ஞாபகம் வந்தது. மாமனார் ஒரு வாரமாக ஸ்டோர் ரூமில் விளக்கைப் போட்டுக்கொண்டு, இடுக்கியும் கையுமாக உட்கார்ந்திருந்தார். வயசானவர் பொழுதுபோகாமல் ஏதோ அடுக்குகிறார் என்று அவளே அவருக்கு டீ கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள்.

அவள் ஸ்டோர் ரூமுக்குப் போனபோது கன்னியப்பன் காலி டிரேக்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். சிப்புகள் வருவது கறுப்பு பிளாஸ்டிக் டிரேக்களில், முட்டை அட்டையில் முட்டை அடுக்கினதுபோல் குழிக்கு ஒன்றாக, டிரேக்கு நூறு. அவர் ஒளிக்கவில்லை, மழுப்பவும் இல்லை. கேட்டதும் சொன்னார்.

"ஆமாம்மா, நாந்தான் கலந்தேன். நூத்துக்கு அஞ்சு. அதுக்கு மேல ஒண்ணு ஜாஸ்தி வெக்கல."

அவர் குரலில் குற்ற உணர்ச்சியின் சாயல்கூட இல்லை. ஏன் இருக்கப்போகிறது? அவர் வேலை பார்த்த இடங்களில் எல்லாம் அதுதான் நடைமுறை. நூறு தோல் கட்டினால் ஐந்து தோல் கம்மி ரகம் இருக்கும். கட்டுக்கு மேலேயும் வைக்கமாட்டார்கள், அடியிலும் வைக்கமாட்டார்கள், நடுவில் வைப்பார்கள். வாங்குகிறவனுக்கும் அது தெரியும், தெரிந்துதான் விலை பேசுவான். ஆறாவது தோல் வைத்தால் அவன் திருடன். ஐந்தோடு நிறுத்துகிறவன் நாணயஸ்தன். கன்னியப்பன் அந்தக் கணக்கில் ஒருநாளும் தவறியதில்லை, ஆம்பூர் முழுக்க அவருக்கு அந்தப் பேர் உண்டு. சிப் டிரே கைக்கு வந்ததும் அந்தக் கை தன் பழக்கத்தைச் செய்தது. டிரேக்கு நடுவில் ஐந்து.

"நான் யாரையும் ஏமாத்தலியே. தொழில்ல இருக்கறதத்தான் செஞ்சேன்" என்றார்.

"தோல் வாங்குறவன் கட்டப் பிரிச்சு, கைய வெச்சுப் பாத்து வாங்குறான் மாமா. வண்டில ஒக்கார்றவங்க எதத் தொட்டுப் பாப்பாங்க?"

"கம்மி ரகம்னா வீணுன்னு அர்த்தமா? அதையும் உள்பக்கமா வெச்சுத் தைக்கறாங்க, அதுவும் ஓடுது."

"அது கிழிஞ்சா காலு தரையில படும். இது நின்னா ஆளே போய்டுவாங்க."

கன்னியப்பன் டிரேயைக் கீழே வைத்தார். மருமகள் இதுவரை அவரிடம் இந்தத் தொனியில் பேசியதில்லை. அவர் கோபப்படவில்லை, அதுதான் சோபனாவுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. சின்னப்பெண், தொழில் தெரியாது, போகப்போகத் தெரிந்துகொள்வாள் என்று அவர் முகம் சொன்னது. படிப்பு வேறு, பிழைப்பு வேறு என்று வாயாலும் சொன்னார். அவள் வெளியே வந்தாள்.

வாசலில் ஜெயப்பிரகாஷ் நின்றிருந்தான். அவள் அவனுக்கு ஒரு வழி சொன்னாள். போர்டுகளுக்கெல்லாம் வரிசை நம்பர் இருக்கிறது. டிரேக்கு நடுவிலிருந்து எடுத்த சிப்புகள் எந்தெந்தப் போர்டுக்குப் போயின என்று பிரித்துவிடலாம். அத்தனையையும் தேய்த்துப் பார்த்து, சூட்டில் வைத்து எடுக்க ஒரு வாரம் போதும். ஒரு வாரம் தள்ளிப் போடச் சொல்லுங்கள், அவ்வளவுதான் என்றாள்.

அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். ஒரு வாரம் என்றால் ஆர்டர் கைவிட்டுப் போய்விடும், ஸ்கூட்டர் கம்பெனி வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளும், இந்த ஷெட்டை இரண்டாவது தடவை மூட வேண்டியதுதான், உள்ளே உட்கார்ந்திருக்கும் நாற்பது பெண்களுக்கு யார் பதில் சொல்வது என்று அடுக்கினான். அவன் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அவனும் கெட்டவன் இல்லை. தலைவலி வந்தால் அவளுக்கு இஞ்சி டீ போட்டுத் தருகிறவன்தான். ஆனால் அப்பா ஒன்று சொன்னால் அவனுக்கு முதுகெலும்பு வளைந்துவிடும், இது கல்யாணமான மாசத்திலிருந்தே அவளுக்குத் தெரியும்.

"இன்னைக்கு ஒருநாள் கண்ண மூடிக்கோ சோபனா. அடுத்த லாட்லேர்ந்து சத்தியமா சுத்தம்" என்றான்.

"ஸ்டிக்கர் என்னுது" என்றாள் அவள்.

அது உண்மை. சோதித்து முடித்த ஒவ்வொரு போர்டிலும் பச்சை வட்ட ஸ்டிக்கர் ஒன்று ஒட்டுவார்கள். அதில் அவள் பேரின் முதலெழுத்து இருக்கும். பச்சை ஸ்டிக்கர் இல்லாத போர்டை ஓசூர் கேட்டுக்குள்ளேயே விடமாட்டார்கள்.

அவள் உள்ளே போனாள். அடுக்கி வைத்திருந்த அட்டைப் பெட்டிகளில் முதல் பெட்டியை உடைத்தாள். ஒரு போர்டை எடுத்து, கட்டைவிரல் நகத்தால் ஸ்டிக்கரின் ஓரத்தைக் கிளப்பி, உரித்துக் கீழே போட்டாள். அடுத்ததையும் உரித்தாள். ஈயப் புகைக்கு நடுவே குனிந்திருந்த தலைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. ஜெயப்பிரகாஷ் ஓடிவந்து, என்ன பைத்தியக்காரத்தனம் இது என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான். அவள் நிறுத்தவில்லை.

ஷஹீன் பானு எழுந்து வந்தாள். இன்னா விஷயம் என்று கேட்டாள். சோபனா மறைக்காமல் சொன்னாள்: பழைய சிப் கலந்திருக்கிறது, இந்த லாரி போனால் யாரோ சாவார்கள், போகாவிட்டால் நம் வேலை போனாலும் போகும். இரண்டையும் சொன்னாள். அந்தப் பெண்களுக்கு ஒரு பக்கத்தை மட்டும் சொல்வது அவளுக்கு அசிங்கமாகப் பட்டது.

ஷஹீன் பானு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு பெட்டியைத் தன் பக்கம் இழுத்தாள். அவளைப் பார்த்து இன்னும் நாலு பேர் வந்தார்கள். எல்லாரும் வந்துவிட்டார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். வரவில்லை. மீதிப் பேர் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள், ஒருத்தி அழவும் செய்தாள். அவளுக்கு வீட்டில் வேறு வருமானம் கிடையாது, அவளைக் குறை சொல்ல முடியாது.

லாரியோடு வசந்த் வந்து இறங்கியபோது ஷெட் தரை முழுக்கப் பச்சைப் பொட்டுகளாகக் கிடந்தன. ஸ்கூட்டர் கம்பெனிக்காகச் சரக்கைப் பார்த்து வாங்கிப்போகும் இளைஞன் அவன். ஜெயப்பிரகாஷ் இளநீர் கொண்டுவரச் சொல்லி, சின்ன ஸ்டிக்கர் பிரச்சினை என்று சிரித்துச் சமாளிக்கப் பார்த்தான். சோபனா குறுக்கே போய்க் கறுத்த பஞ்சை வசந்த் முன் நீட்டினாள். நடந்ததை நடந்தபடி சொல்லி, ஒரு வாரம் கேட்டாள்.

வசந்த் பஞ்சைப் பார்த்தான், பெட்டிகளைப் பார்த்தான், கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். மாசி மாத வெயில் இப்போதே வறுத்தெடுத்தது. அதிர்ந்து போவான், கத்துவான் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். அவன் குரலைத் தாழ்த்தினான்.

"மேடம், மார்ச் முடியறதுக்குள்ள வண்டிங்க ஷோரூம் போயாவணும். அங்க எங்க லைன் நாளைக்கு நின்னுடும், போர்டு இல்ல. மார்க்கெட்ல எவன்கிட்டயும் சிப்பு இல்ல. நூத்துக்கு அஞ்சுதான? பேஜார் பண்ற வண்டிய சர்வீஸ்ல மாத்திக் குடுத்துடுவோம். நீங்க ஸ்டிக்கர மட்டும் ஒட்டிக் குடுங்க, மீதி என் பாடு."

 பந்தியில் இடம் பிடித்தவனுக்கு இலையில் விழுவது எதுவானாலும் சம்மதம் என்றாகிவிட்டது போலிருக்கிறது.

ஸ்டோர் ரூம் வாசலிலிருந்து கன்னியப்பன் முன்னால் வந்தார். காலையிலிருந்து மருமகளிடம் வாங்கிய பேச்சுக்கெல்லாம் அவருக்கு இப்போது நியாயம் கிடைத்துவிட்டது. மார்பு நிமிர்ந்தது.

"கேட்டியாம்மா? வாங்குறவனே ஒத்துக்கறான். நீ இன்னாத்துக்குக் குதிக்கறே?"

"இவரு வாங்கி விக்கறவரு மாமா. ஓட்டறவங்க ஒத்துக்கல. லாரி காலியாத்தான் போவும்" என்றாள் அவள்.

"உனக்கு ஒண்ணு தெரியுமா? மொத லாட்டுலயும் உன் புருஷனுக்கே தெரியாம நான் அப்படித்தான் கலந்து அனுப்பினேன். அப்பவே சிப்பு கம்மி. இன்னா கெட்டுப்போச்சு? ஒரு கம்ப்ளெய்ன்ட் வந்துச்சா?"

அவர் வெற்றியோடு சுற்றிலும் பார்த்தார். உரித்துக்கொண்டிருந்த கைகள் நின்றன. அவை நின்றது மரியாதையால் அல்ல என்று அவருக்குப் புரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"அப்பா, பூர்ணிமா வண்டி" என்றான் ஜெயப்பிரகாஷ்.

போன மாசம் கடைக்குட்டி பூர்ணிமாவுக்கு ஸ்கூட்டர் வாங்கியது இந்த வீடே கொண்டாடிய விஷயம். நம் வீட்டுப் போர்டு ஓடுகிற வண்டி என்று ஜெயப்பிரகாஷ்தான் கேட்டுக் கேட்டு அந்த முதல் லாட் வண்டிகளில் ஒன்றை எடுத்து வந்தான். எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைத்து, மகள் பின்னால் உட்கார்ந்து பள்ளிகொண்டாக் கோயில் வரைக்கும் போய் வந்தவர் கன்னியப்பன். கட்டு லாரி ஏறிவிட்டால் அது நம் தோல் இல்லை, அதை மறந்துவிட்டு அடுத்த கட்டைப் பார்க்க வேண்டும் என்று அத்தனை வருஷம் பழகிய மனசு. லாரி ஏறிப் போனது மகளை ஏற்றிக்கொண்டு வீட்டு வாசலுக்கே திரும்பி வரும் என்று அது யோசித்ததே இல்லை.

அவர் கையில் இருந்த துணியைக் கீழே விட்டுவிட்டார். சோபனா போனை எடுத்து பூர்ணிமாவைக் கூப்பிட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்தாள்.

"சொல்லுங்க அண்ணி."

"வண்டில இருக்கியா பூர்ணிமா?"

"இல்லண்ணி, டூட்டி இன்னும் முடியல. வண்டிய முபஷ்ஷிரா எடுத்துட்டுப் போயிருக்கா. பாவம், பஸ்ஸ வுட்டுட்டா. நோன்பு தொறக்க நேரமாய்டும்னு நாந்தான் சாவியக் குடுத்தேன். ஏன் அண்ணி?"

"அப்பாடா" என்றார் கன்னியப்பன்.

அது அவர் வாயிலிருந்து தானாக வந்தது. மகள் பிழைத்தாள் என்ற நிம்மதியில் எந்தத் தகப்பனுக்கும் வருகிற பெருமூச்சுதான். ஆனால் ஷெட்டில் இருந்த அத்தனை பேருக்கும் அது கேட்டது. பாதி உரித்த ஸ்டிக்கர் கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டிருக்க, ஷஹீன் பானு அவரையே பார்த்தபடி நின்றாள். இருபது வருஷமாக அவரை அண்ணே என்று கூப்பிட்டவள். அவர் வீட்டில் கல்யாணம் என்றால் முதல் ஆளாக வந்து வெங்காயம் உரித்தவள்.

சோபனா போனை அணைத்தாள். 

"நூத்துக்கு அஞ்சுன்னீங்களே மாமா. அந்த அஞ்சுல யார் வூட்டுப் பொண்ணு போனா பரவால்ல?"

 ஷஹீன் பானு தன் போனை எடுத்து மகளைக் கூப்பிட்டாள். மணி போனது. திரும்பக் கூப்பிட்டாள், திரும்பவும் மணி போனது. வண்டி ஓட்டுகிறவள் பைக்குள் இருக்கிற போனை எப்படி எடுப்பாள்?

ஜெயப்பிரகாஷ் பைக்கை உதைத்துக் கிளப்பினான். எதிரே வருகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டே வேலூர் ரோட்டில் போகிறேன், தென்பட்டால் நிறுத்திவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் பாய்ந்தான். அப்பாவிடம் உத்தரவு கேட்காமல் அவன் செய்த முதல் காரியம் இதுவாகத்தான் இருக்கும்.

வசந்த் நைசாக லாரிப் பக்கம் நகர்ந்தான். சோபனா அவனை விடவில்லை. முதல் லாட் போர்டு போன வண்டிகள் அத்தனையையும் இப்போதே ஓட்டாமல் நிறுத்தச் சொல்லுங்கள் என்றாள். அவன் தடுமாறினான். மேலே கேட்காமல் எப்படிச் சொல்வது, விஷயம் வெளியே போனால் கம்பெனி பேர் என்ன ஆகும், உங்கள் ஷெட் பேர் என்ன ஆகும் என்று இழுத்தான்.

"எங்க பேரு இன்னாவானாலும் ஆவட்டும். நீங்க கேக்கலன்னா நானே கேட்டுக்கறேன்."

அவள் கறுத்த பஞ்சையும் சுரண்டிய சிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தாள். ஸ்கூட்டர் கம்பெனியின் தரம் பார்க்கிற ஆபீசுக்கு, எந்த லாட், எத்தனை கலப்பு, யார் கலந்தது என்று ஒளிக்காமல் எழுதினாள். கீழே தன் பேரைப் போட்டாள். அனுப்பும் இடத்தில் விரலை வைத்தபோது மாமனார் பக்கம் ஒரு தடவை திரும்பினாள். அனுமதி கேட்கத் திரும்பவில்லை, அவர் முகத்துக்கு நேராகச் செய்ய வேண்டும் என்றுதான். அனுப்பிவிட்டாள். வசந்த் தன் போனைக் காதில் வைத்துக்கொண்டு, வியர்த்து ஒழுக ஓரமாக ஓடினான்.

கன்னியப்பன் நின்ற இடம் காலியாக இருந்தது.

அவள் வெளியே வந்து பார்த்தாள். செருப்புக்கூடப் போடாமல் அவர் பைபாஸை ஒட்டிய சர்வீஸ் ரோட்டுக்குப் போய்விட்டிருந்தார். வெயில் இறங்கி, ரோடு முழுக்க வேலை விட்டுத் திரும்புகிற வண்டிகள். அவர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நடுவில் நின்றார். ஒரு ஷேர் ஆட்டோக்காரன் அவரைத் திட்டிவிட்டு வளைத்துப் போனான். ஷஹீன் பானு கொஞ்சம் தள்ளி, ஒரு கையில் போனும் இன்னொரு கையில் நோன்பு திறக்க எடுத்துவைத்த பேரீச்சம்பழமுமாக வேலூர்ப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சோபனா போய் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

மின்சார ஸ்கூட்டர் ஒன்று வந்தது. ஓட்டியது ஒரு பெண். கன்னியப்பன் குறுக்கே பாய்ந்து அதை நிறுத்தினார். ஹெல்மெட்டைக் கழற்றினாள், முபஷ்ஷிரா இல்லை. முன்பின் தெரியாத பெண், முன்னால் பள்ளிக்கூடப் பையோடு ஒரு குழந்தை. பெரியவரே, உயிர்மேல் ஆசை இல்லையா என்று அவள் கத்தினாள்.

அவர் நகரவில்லை. வண்டியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"இந்த வண்டி எப்பம்மா வாங்குனது? போன மாசமா? அப்படின்னா எறங்கிடும்மா. தயவு பண்ணி எறங்கிடு. புள்ளையத் தூக்கிக்கோ" என்றார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

அந்தப் பெண் பயந்துபோய் இறங்கினாள். அவர் வண்டியை ஓரமாகத் தள்ளி நிறுத்திவிட்டு, மறுபடி ரோட்டுக்கு வந்து அடுத்த வண்டிக்குக் கையைத் தூக்கினார்.

ஊருக்குள் பள்ளிவாசலில் நோன்பு திறக்கிற பாங்கு சொன்னார்கள். ஷஹீன் பானு பேரீச்சம்பழத்தை வாயில் வைக்கவில்லை.